ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தர்: முதல் முறை போகிறவர்களுக்கு

ஜெய்ப்பூர் போகிறவர்கள் கல்லால் கட்டிய பழைய வான்காட்சியகமான ஜந்தர் மந்தருக்குப் பெரும்பாலும் அரை மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள். ஹவா மஹாலுக்கும் சிட்டி பேலஸுக்கும் நடுவில் இருப்பதால் போகிற போக்கில் நுழைந்து, அந்த மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நான்கு படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் வந்தேன். அது ஆகஸ்ட் மாதம். வானம் முழுக்க மேகம். எந்தக் கருவியிலும் நிழல் விழவில்லை. கூட வந்த வழிகாட்டி என் ராசியைக் கேட்டு அதற்குரிய பலன்களைச் சொல்லி முடித்தார். அந்தக் கருவிகள் எதற்காகக் கட்டப்பட்டன என்று அன்றைக்கு எனக்குத் தெரியவே இல்லை.

இரண்டாம் முறை டிசம்பர் கடைசியில் போனேன். நல்ல வெயில். பெரிய சூரியக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தோடு நின்றேன். பளிங்குக் கல்லின் மீது நிழல் ஊர்ந்துபோவது கண்ணுக்கே தெரிந்தது. உண்மையில் நகர்வது நாம் நிற்கும் பூமி. பள்ளிக்கூடத்தில் படித்த அந்த ஒரு வரியை அன்றுதான் நேரில் பார்த்தேன். முதல் முறை எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எப்போது போவது

வெயில் இல்லாவிட்டால் இங்கே பார்ப்பதற்குப் பாதிகூட இல்லை. அதனால் ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தைத் தவிருங்கள். மே, ஜூனில் வெயில் தாராளமாக இருக்கும், ஆனால் அந்தத் திறந்தவெளியில் ஒரு மணி நேரம் நிற்க முடியாது. அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். டிசம்பர், ஜனவரியில் சில காலைகளில் மூடுபனி இருக்கும், பெரும்பாலும் பத்து மணிக்குள் கலைந்துவிடும்.

காலை 9 மணிக்குத் திறக்கிறார்கள். பத்து மணிக்குள் உள்ளே போய், நண்பகல் தாண்டும் வரை இருப்பதுதான் என் ஆலோசனை. காலையில் ஒரு பக்கம் விழும் நிழல் நண்பகலில் மறைந்து, பிறகு மறுபக்கம் ஏறத் தொடங்கும். அந்த மாற்றத்தைப் பார்க்காமல் வரக் கூடாது. சாயங்காலம் நாலு மணிக்குமேல் போகிறவர்களுக்கு நல்ல படங்கள் கிடைக்கும், கருவிகளின் வேலை புரியாது.

எப்படிப் போவது

சென்னையிலிருந்து ஜெய்ப்பூருக்கு நேரடி ரயில் இருக்கிறது, ஆனால் தினமும் ஓடுவதில்லை. பயணம் ஒன்றரை நாள் பிடிக்கும். தில்லி வழியாகப் போகிறவர்களுக்கு அங்கிருந்து ரயிலில் நாலரை, ஐந்து மணி நேரம். ஜெய்ப்பூர் ரயில் நிலையத்துக்கு வெளியிலேயே மெட்ரோ நிலையம் உண்டு. அதில் ஏறிக் கடைசி நிறுத்தமான படீ சௌபட்டில் இறங்கினால் பழைய நகரத்தின் நடுவில் இருப்பீர்கள். அங்கிருந்து ஹவா மஹாலைக் கடந்து பத்து, பதினைந்து நிமிட நடை. ஆட்டோவில் போனால் கடைவீதி நெரிசலில் அதைவிட அதிக நேரம் ஆகலாம்.

நுழைவுச்சீட்டை அங்கேயே வாங்கலாம். ஆமேர் கோட்டை, ஹவா மஹால், ஆல்பர்ட் ஹால் எல்லாவற்றையும் பார்க்கப்போகிறீர்கள் என்றால் இவற்றோடு ஜந்தர் மந்தரையும் சேர்த்த கூட்டுச்சீட்டு ஒன்று இருக்கிறது, அதைக் கேளுங்கள். பக்கத்திலேயே இருக்கும் சிட்டி பேலஸ் அதில் சேராது, அதற்குத் தனிச் சீட்டு. மாணவர்கள் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்கட்டும், கட்டணம் குறையும்.

தொப்பி, தண்ணீர், சரியான நேரம் காட்டும் கடிகாரம் அல்லது கைபேசி, ஒரு பென்சில், ஒரு துண்டுத்தாள். இவ்வளவுதான் வேண்டும். வெளிறிய சுவர்களும் பளிங்கும் கண்ணைக் கூசவைக்கும் என்பதால் குளிர்கண்ணாடி இருந்தால் நல்லது. ஆனால் குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டும் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. குழந்தைகளுக்கு இதை உள்ளே நுழைவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

முந்தின நாள் ராத்திரி ஒரு சின்னக் கணக்கு

இதைச் செய்யாமல் போனால் கருவி காட்டும் நேரமும் உங்கள் கடிகாரமும் பொருந்தாது. பலர் அதைப் பார்த்துவிட்டு, "பழங்காலத்துக் கருவிதானே, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். தப்பு கருவியில் இல்லை.

நம் கைக்கடிகாரம் காட்டுவது இந்தியா முழுமைக்கும் பொதுவான நேரம். அது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஜெய்ப்பூர் இருப்பதோ கிட்டத்தட்ட 75.8 பாகையில், மேற்கே தள்ளி. ஒவ்வொரு பாகைக்கும் 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால் சுமார் 27 நிமிட வித்தியாசம் வரும். அதாவது ஜெய்ப்பூரின் சூரிய நேரம் நம் கடிகாரத்தைவிட 27 நிமிடம் பின்தங்கி இருக்கும்.

இதோடு முடியவில்லை. பூமி சூரியனைச் சுற்றும் பாதை முழுவட்டம் அல்ல, பூமியின் அச்சும் சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டு காரணங்களால் சூரிய நேரம் வருடத்தில் சில மாதம் முந்தும், சில மாதம் பிந்தும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டதைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பிப்ரவரி 11 வாக்கில் கருவி காட்டும் நேரத்தோடு 41 நிமிடம் கூட்டினால் நம் கடிகார நேரம் வரும். ஏப்ரல் நடுவில் 27. மே நடுவில் 23. ஜூலை கடைசியில் 33. நவம்பர் தொடக்கத்தில் வெறும் 10. டிசம்பர் 25 வாக்கில் மறுபடி 27. நீங்கள் போகும் நாள் இவற்றுக்கு நடுவில் வந்தால் உத்தேசமாக ஒரு எண்ணை வைத்துக்கொள்ளலாம், ஓரிரு நிமிடப் பிசகு பெரிதில்லை. அந்த எண்ணைத் துண்டுத்தாளில் பெரிதாக எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

யார் கட்டியது, ஏன் கல்லில்

ஜெய்ப்பூரை 1727-இல் நிறுவிய இரண்டாம் சவாய் ஜெய்சிங் கட்டியது இது. தில்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, வாரணாசி, மதுரா என்று ஐந்து ஊர்களில் அவர் வான்காட்சியகம் எழுப்பினார். மதுராவில் இருந்தது இப்போது இல்லை. முதலில் எழுந்தது தில்லியில். பெரியது, நன்றாக எஞ்சியிருப்பது ஜெய்ப்பூரில். 2010-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

ஜெய்சிங் ஆரம்பத்தில் பித்தளைக் கருவிகளைத்தான் செய்துபார்த்தார். சின்னதாக இருந்ததால் நுட்பமான கோடுகளைப் பொறிக்க முடியவில்லை, அச்சு தேய்ந்து ஆடியது. சரி, ஆடாத கல்லிலும் சுண்ணாம்பிலும் பெரிதாகக் கட்டிவிடுவோம் என்று முடிவுசெய்தார். அந்த முடிவைத்தான் நீங்கள் பார்க்கப்போகிறீர்கள். ஐரோப்பாவில் அப்போது தொலைநோக்கி வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இவர் காலத்துக்குப் பின்தங்கிவிட்டார் என்று சிலர் சொல்வது அதனால்தான். தொலைநோக்கி அவருக்குத் தெரியாததல்ல. போர்ச்சுகலுக்கு ஒரு பாதிரியார் தலைமையில் குழு அனுப்பி, பாரிஸைச் சேர்ந்த லா ஹீரின் வானியல் அட்டவணைகளை வரவழைத்தார். தம் கருவிகளால் அளந்து சரிபார்த்தார். சந்திரன் இருக்கும் இடத்தில் அரைப் பாகை பிசகு இருப்பதாகக் கண்டு, அதைத் தம் 'ஜீஜ் முகம்மது ஷாஹி' நூலின் முன்னுரையில் எழுதிவைத்தார். அச்சில் வந்த அட்டவணையை அப்படியே நம்பாமல் தானே அளந்துபார்த்த மனிதர் கட்டிய இடம் இது. நாமும் அங்கே போய் எதையாவது ஒன்றை அளந்துபார்ப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

உள்ளே போனதும்: சின்னதிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் நேராகப் பெரிய கருவியிடம் ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். முதலில் லகு சாம்ராட் யந்திரத்தைத் தேடிப் போங்கள். 'லகு' என்றால் சிறியது, இது ஒரு சின்னச் சூரியக் கடிகாரம். சாய்வான முக்கோணச் சுவர் ஒன்று, அதன் இரு பக்கமும் இறக்கை விரித்த மாதிரி வளைந்த பளிங்கு. அவ்வளவுதான் அமைப்பு.

அந்தச் சாய்வுச் சுவரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். அது தரையோடு ஏறத்தாழ 27 பாகை கோணம் போடுகிறது. ஜெய்ப்பூரின் அட்சரேகையும் அதுதான். அதனால் சுவரின் மேல்விளிம்பு வடதுருவ நட்சத்திரம் இருக்கும் திசையை, அதாவது பூமியின் அச்சுக்கு இணையாக, பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் வளாகத்தில் பாதிக் கருவிகள் தானாகப் புரியும். நம் ஊரில் இதே கடிகாரத்தைக் கட்டினால் சுவர் இவ்வளவு செங்குத்தாக ஏறாது. சென்னைக்கு 13 பாகை போதும்.

இப்போது நிழலின் விளிம்பு எந்தக் கோட்டில் விழுகிறது என்று படியுங்கள். உங்கள் எண்ணைக் கூட்டுங்கள். நான் டிசம்பரில் படித்தது 10 மணி 14 நிமிடம். 27 கூட்டினால் 10.41. கைபேசியிலும் 10.41. பக்கத்தில் நின்ற ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டுக் காட்டாமல் என்னால் இருக்க முடியவில்லை. இந்தச் சின்னக் கருவியில் 20 விநாடி நுட்பம் வரை படிக்கலாம்.

அப்புறம் நாடிவலய யந்திரம். சாய்த்துவைத்த வட்டத் தட்டு மாதிரி, இரண்டு முகம், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கம்பி. 'நாடி' என்பது நம் நாழிகைக்கு உறவான சொல், 24 நிமிடம். இந்தத் தட்டு பூமியின் நடுக்கோட்டுத் தளத்துக்கு இணையாக நிற்கிறது. அதனால் மார்ச் 21 முதல் செப்டம்பர் 22 வரை வடக்கு முகத்தில்தான் வெயில் விழும், மீதி ஆறு மாதம் தெற்கு முகத்தில். நீங்கள் போகும் நாளில் எந்த முகத்தில் வெயில் இருக்கிறது என்று பாருங்கள். உத்தராயணம், தட்சிணாயனம் என்று பஞ்சாங்கத்தில் படிக்கும்போது சூரியன் வடக்கும் தெற்குமாகப் போய் வருவதைச் சொல்கிறோமே, அந்தப் போக்குவரத்தில் சூரியன் நடுக்கோட்டைத் தாண்டும் நாளை இந்தத் தட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

பெரிய சாம்ராட் யந்திரம்

ஏறத்தாழ 27 மீட்டர் உயரம். உச்சியில் ஒரு சின்ன மண்டபம். பக்கத்தில் போய் நின்றால் கோபுரத்தடியில் நிற்கிற மாதிரி இருக்கும். படிகளில் ஏற அனுமதி இல்லை. ஆடி மாத வாக்கில் வரும் குரு பூர்ணிமா அன்று ஜோதிடர்கள் இதன்மேல் ஏறிக் கொடி பிடித்து, காற்றின் திசையை வைத்து அந்த வருஷ மழையைக் கணிக்கும் வழக்கம் உண்டு.

சின்னக் கருவியில் பார்த்த அதே அமைப்புதான், பல மடங்கு பெரிது. காலையில் நிழல் மேற்கு வளைவின் மேல்முனையிலிருந்து கீழே இறங்கிவரும். நண்பகலில் அடிமட்டத்துக்கு வந்து மறையும். பிறகு கிழக்கு வளைவில் ஏறும். வளைவின் ஆரம் ஏறக்குறைய 15 மீட்டர் என்பதால் நிழல் ஒரு விநாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்கிறது. ஒரு நிமிடத்தில் நாலு விரற்கடை. ஒரு கோட்டைக் குறிவைத்துக்கொண்டு அசையாமல் ஒரு நிமிடம் பாருங்கள். கைபேசியில் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு படம் எடுத்தாலும் வித்தியாசம் தெரியும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். நிழலின் விளிம்பு கத்தி மாதிரி இருக்காது, மங்கலாக இருக்கும். சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள தட்டு, அதனால்தான். இவ்வளவு தூரத்தில் அந்த மங்கல் அரைச் சாண் அகலத்துக்குச் சற்று அதிகமாக, இரண்டு நிமிட நேரத்துக்குச் சமமாக விரிந்துவிடுகிறது. அப்படியானால் 2 விநாடி நுட்பம் என்று சொல்கிறார்களே, எப்படி? அந்தக் காலத்தில் பளிங்குக்குச் சற்று மேலே ஒரு மெல்லிய நூலைப் பிடித்து, நூலின் நிழல் எங்கே பெரிய நிழலுக்குள் கரைகிறது என்று பார்த்துப் படித்தார்கள். நிழல் எட்டும் தூரத்தில் இருந்தால் பென்சிலைப் பிடித்து நீங்களும் செய்துபாருங்கள். எட்டாவிட்டால் சின்னக் கருவியிடம் திரும்பிப் போய்ச் செய்யலாம். பளிங்கின் மீது மட்டும் கை வைக்காதீர்கள், பென்சிலால் கோடும் போடாதீர்கள். இந்தக் கோடுகள் 1901-ஐ ஒட்டி நடந்த பெரிய சீரமைப்புக்குப் பிறகு இன்று வரை படிக்கக் கிடைப்பதே பெரிய விஷயம். தில்லிக் கருவிகளில் பல அளவுகோடுகள் தேய்ந்தே போய்விட்டன.

மற்ற கருவிகளில் எவற்றைப் பார்ப்பது

எல்லாவற்றையும் ஒரே நாளில் புரிந்துகொள்ள முயலாதீர்கள். இருபதுக்கு அருகில் இருக்கின்றன. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ராம யந்திரம். கூரையில்லாத வட்டக் கட்டடம், நடுவில் ஒரு தூண். தூணின் உயரமும், தூணிலிருந்து சுவர் வரை உள்ள தூரமும் சமம். அதனால் சூரியன் சரியாக 45 பாகை உயரத்தில் இருக்கும்போது தூணின் உச்சி நிழல் சுவரும் தரையும் சேரும் இடத்தில் விழும். அதைவிட உயரமாக இருந்தால் தரையில், தாழ்ந்திருந்தால் சுவரில். கணக்கே தெரியாத குழந்தைக்கும் இதைச் சொல்லிக் காட்டிவிடலாம். தரையில் பாதிப் பகுதிகள் இல்லாமல் இடைவெளியாக இருப்பதைப் பார்த்து உடைந்துவிட்டதோ என்று நினைப்பீர்கள். பக்கத்தில் அதேபோல் இன்னொரு கட்டடம் இருக்கும். முதலாவதில் இல்லாத பகுதிகள் அதில் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் முழு வட்டம். இடைவெளிகள் அளப்பவர் நடமாடுவதற்கு.

ஜெய்பிரகாஷ் யந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. தரையில் பதித்த பெரிய அரைக்கோளக் கிண்ணம், குறுக்களவு 5 மீட்டருக்குச் சற்று அதிகம். வானத்தைக் கவிழ்த்துக் கிண்ணமாக்கி உள்ளே கோடு வரைந்திருக்கிறார்கள். மேலே குறுக்காகக் கட்டிய கம்பிகளின் நடுவில் ஒரு சின்ன வளையம் தொங்கும். அதன் நிழல் கிண்ணத்தில் எங்கே விழுகிறதோ, வானத்தில் சூரியன் இருக்கும் இடம் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். ராத்திரியில் நிழல் ஏது? அதற்குத்தான் இதிலும் இடைவெளிகள். அளப்பவர் கிண்ணத்துக்குள் இறங்கி, கோட்டருகே கண்ணை வைத்து, வளையத்தின் வழியே நட்சத்திரத்தைப் பார்ப்பார். இதுவும் இரட்டைக் கருவி. ஓரத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். பத்து நிமிடம் நின்றால் நிழல் இடம்மாறியிருப்பது தெரியும்.

ராசிவலயம். பன்னிரண்டு சின்னக் கருவிகள், ராசிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ராசியின் ஓவியம் இருக்கும். எல்லோரும் தம் ராசியைத் தேடிப் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். எடுத்த பிறகு ஒன்றைக் கவனியுங்கள். பன்னிரண்டின் சாய்வும் திசையும் வேறுவேறாக இருக்கும். அந்தந்த ராசி, தலைக்கு மேல் வடக்கு தெற்காகப் போகும் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தில் மட்டும் அந்தந்தக் கருவியால் அளக்கலாம். சூரியன் செல்லும் பாதையை ஒட்டிக் கோளின் இடத்தை நேரடியாகப் படிக்கச் செய்த ஏற்பாடு இது. ஜெய்சிங் கட்டிய மற்ற ஊர்களில் இது கிடையாது.

நேரமிருந்தால் யந்திரராஜையும் பாருங்கள். 2 மீட்டருக்கு மேல் அகலமான உலோகத் தட்டு, தொங்கவிடப்பட்டிருக்கும்.

வழிகாட்டி வைத்துக்கொள்ளலாமா

வைத்துக்கொள்ளலாம், நல்லவராகக் கிடைத்தால். வாசலில் அரசு அடையாள அட்டை உள்ளவரைக் கேளுங்கள், தொகையை முதலிலேயே பேசிவிடுங்கள். பேசும்போது ஒரு கேள்வி கேட்டுப்பாருங்கள்: "இன்றைக்குக் கருவி நேரத்தோடு எத்தனை நிமிடம் கூட்டணும்?" உடனே எண்ணைச் சொன்னால் அவரோடு போங்கள். ஒன்றிரண்டு முறை இப்படிக் கேட்டதில் எனக்கு மிக நல்ல வழிகாட்டி ஒருவர் கிடைத்தார். தம் இந்தியை நான் புரிந்துகொள்ளும் வேகத்துக்குக் குறைத்துக்கொண்டு, கைக்குட்டையின் நூலைப் பிரித்து நிழலைப் பிடித்துக் காட்டினார்.

வயதானவர்களோடு போனால், தரை பெரும்பாலும் சமமாக இருப்பதால் நடப்பது கஷ்டமில்லை. நிழல்தான் குறைவு. அவர்களை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு இரண்டு கருவிகளுக்கு ஒருமுறை வந்து அழைத்துப் போகலாம்.

நண்பகல்

கூட்டும் எண்ணை 12 மணியோடு சேர்த்தால் அன்றைய உண்மையான நண்பகல் வரும். பிப்ரவரியில் 12.41, நவம்பர் தொடக்கத்தில் 12.10, டிசம்பர் 25 வாக்கில் 12.27. அதற்குப் பத்து நிமிடம் முன்பே மறுபடி சாம்ராட் யந்திரத்தடியில் போய் நின்றுவிடுங்கள். மேற்கு வளைவில் நிழல் ஒல்லியாகி அடிக்குப் போகும். ஒரு கணம் இரண்டு பக்கமும் வெயில். அப்புறம் கிழக்குப் பக்கம் கீழே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தோன்றும். அந்த நேரத்தில் பெரும்பாலும் அங்கே கூட்டம் இருக்காது, எல்லோரும் சாப்பிடப் போயிருப்பார்கள். நீங்கள் அதற்கப்புறம் சாப்பிடப் போகலாம், சிட்டி பேலஸையும் பார்க்கலாம். மூன்று மணிக்கு மேல் பார்த்தால் அந்தக் கோடு கிழக்கு வளைவில் பாதிக்குப் பக்கத்தில் ஏறியிருக்கும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு கும்பகோணம் பக்கம் போகும் வேலை இருந்தால், திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் மதிலில் ஒரு கல் சூரியக் கடிகாரம் இருக்கிறது. அந்த ஊர் 79.4 பாகையை ஒட்டி இருப்பதால் அடிப்படை வித்தியாசம் 27 நிமிடத்துக்குப் பதில் 12 நிமிடம். பருவ மாற்றம் ஜெய்ப்பூருக்குச் சொன்னதேதான். மேலே கொடுத்த ஒவ்வொரு எண்ணிலும் 15 கழித்துக்கொண்டு போங்கள். நவம்பர் தொடக்கத்தில் கழித்தால் மைனஸ் 5 வரும், அப்போது மட்டும் கடிகாரத்தைவிட நிழல் ஐந்து நிமிடம் முந்தி நிற்கும்.